ரிவியூ டூல் விற்க வருபவர்களிடம் கவனம்: 68,000 ரூபா போச்சு

ஹப்புத்தளை, எல்ல, பண்டாரவளைப் பக்கம் சின்னதாக கெஸ்ட் ஹவுஸ், சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். “ரிவியூ, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாத்தையும் ஒரே இடத்துல பாத்துக்கலாம்” என்று ஒரு சாப்ட்வேர் கம்பனியிலிருந்து எங்கள் ஹப்புத்தளை கெஸ்ட் ஹவுஸுக்கு ஆள் வந்தான். ஒரு வருடக் கட்டணம் முன்பணமாக 68,000 ரூபா. பின் அறைக் கூரைத் தகடு மாற்ற ஒதுக்கி வைத்திருந்த காசு அது. எந்த டூலை எடுப்பது, எதை விடுவது என்று விவரமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். வயிறு எரிகிறது, நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வந்தவன் நம் பையன். தோட்டத்தில் பிறந்தவன், அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்தாராம். பிளேன்டீயைக் குடித்துவிட்டு, “அண்ணே, கெஸ்ட் கிளம்பும்போது இத காட்டுங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்” என்று கியூஆர் ஒட்டிய பலகை ஒன்றை கவுண்டரில் வைத்தான். என் போனில் கூகுள் கணக்கைத் திறந்து தரச் சொன்னான். “அதெல்லாம் எதுக்கு தம்பி?” என்று என் மனைவி கேட்டாள். “அண்ணி, நம்ம ஆளுங்களுக்கே நான் துரோகம் பண்ணுவேனா?” என்றான். அதற்கு மேல் யார் என்ன கேட்பது?

பலகையின் லட்சணம் பிறகுதான் தெரிந்தது. ஸ்கேன் செய்தால் ஐந்து முகங்கள் வரும். சிரிக்கிற முகத்தைத் தொட்டால் கூகுளுக்குப் போகும். சுளித்த முகத்தைத் தொட்டால் அவர்களுடைய படிவத்தோடு நின்றுவிடும். இப்படி நல்லதை மட்டும் பொறுக்கி வாங்குவது கூகுள் விதிக்கே விரோதம். அதோடு விட்டானா? திடீரென்று ஐந்து ஸ்டார் பொய் ரிவியூக்களாகக் கொட்டின. ஒருவர், “வாசலிலேயே கடற்கரை, காலையில் நீந்தினோம்” என்று எழுதியிருக்கிறார். மலை மேல் இருக்கிற ஹப்புத்தளையில்! (வானம் வெளுத்த நாளில் தெற்கே தூரத்தில் கடல் தெரியும், அது வேறு கதை.) கூகுள் அவற்றைத் தூக்கியபோது, லிப்டன் சீட் மலைமுகட்டைப் பார்க்க வந்து எங்களிடம் தங்கியவர்கள் மனதார எழுதிய சிலதும் சேர்ந்து போயின. ஃபேஸ்புக் பேஜில் பண்டிகை வாழ்த்துப் படங்கள் மட்டும் வந்தன, அதிலும் எங்கள் ஊர்ப் பெயரில் எழுத்துப்பிழை.

போன் எடுத்தால் “சேர் மீட்டிங்ல”. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கொழும்பு ஆபீஸ் பெண், “டிக்கெட் போட்டிருக்கு” என்கிறார். என்ன டிக்கெட், உடரட்ட மெனிக்கே ரயிலுக்கா? கடைசியில், “அக்ரிமென்ட்ல ரீஃபண்ட் இல்ல.” இதையெல்லாம் விட, கூகுளில் என் கெஸ்ட் ஹவுஸுக்கு முதன்மை உரிமையாளராக நிற்பது அவர்களுடைய மின்னஞ்சல். 68,000 ரூபாவும் கொடுத்து, பெயர்ப்பலகையையும் எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சரி, அவசரத்துக்குச் சிலது. கூகுளில் உங்கள் கடைப் பக்கத்தின் (பிஸ்னஸ் ப்ரொஃபைல்) உரிமையை யாருக்கும் மாற்றாதீர்கள். பதில் எழுத, படம் போட மேலாளர் அனுமதியே போதும். ரிவியூ லிங்க், கியூஆர் இரண்டையும் கூகுளே சும்மா தருகிறது. ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாவுக்கும் பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்க மெட்டா பிஸ்னஸ் சூட் இலவசம். வருடக் கணக்கில் முன்பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மற்ற டூல்களை ஒப்பிட்டு எழுத இப்போது பொறுமை இல்லை.

நாளைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு போன் அடித்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறைப்பாடு கொடுக்கிறேன். 68,000 கட்டிய வங்கிச் சிலிப் கையில் இருக்கிறது. உங்கள் கவுண்டரிலும் அதே ஐந்து முகப் பலகை இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், சேர்ந்தே கொடுப்போம்.