பேனல் படத்தை நம்பி 72 குவளைகளை இழந்தேன்: சூளை வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு

நான் குவளைகளைச் சுடக் கொடுத்த பட்டறையிலிருந்து நேற்று ராத்திரி கடைசிப் பதில் வந்தது. "உங்க மண்ணுலதான் கோளாறு. எங்க சூளையில ஒண்ணும் இல்ல. இனிமே இதைப் பத்திப் பேச வேண்டாம்." அதோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இப்போதே எழுதுகிறேன். நாலு நாள் போனால் எனக்கே ஆறிவிடும், அதற்குள் இன்னொருவர் தன் பானைகளை அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

போனது 72 குவளைகள். பெயரெல்லாம் சொல்லப்போவதில்லை. சூளையை வாடகைக்கு விட்டு, கூலிக்குச் சுட்டுத் தரும் ஒரு பட்டறை, அவ்வளவுதான்.

நான் வீட்டில் சக்கரம் வைத்துப் பானை வனைந்து கைவினைச் சந்தைகளில் விற்கிறவன். என்னிடம் இருப்பது சின்னச் சூளை, 1000 டிகிரி வரைதான் போகும். பிஸ்க் வரைக்கும், அதாவது பூச்சு பூசுவதற்கு முந்திய முதல் சூடு வரைக்கும், நானே சுட்டுக்கொள்வேன். கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைப் பூசிச் சுடும் இரண்டாவது சூட்டுக்கு வெளியேதான் போக வேண்டும், ஏனென்றால் நான் பயன்படுத்தும் ஸ்டோன்வேர் மண்ணுக்கு, சுட்டால் கல் போல இறுகும் மண் அது, 1240 டிகிரி தேவை. இந்தத் தடவை 96 குவளைகள் வனைந்தேன். செதுக்கும்போது சில போயின. கைப்பிடி சீக்கிரம் காய்ந்து ஒட்டிய இடத்தில் விரிசல் விட்டவை சில. பிஸ்க்கில் இரண்டு உடைந்தன. மிஞ்சியது 72. பகல் வேலை முடிந்து வந்து ராத்திரியில் செய்தது, இரண்டரை மாதம் ஆனது.

பட்டறைக்கு முதல் தடவை போனபோது கையில் மூன்று கோன் எடுத்துப்போயிருந்தேன்: 5, 6, 7. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோன் என்பது களிமண்ணும் கிளேஸ் பொருள்களும் கலந்து செய்த சின்னக் கூம்பு. பானைகளுக்குப் பக்கத்திலேயே வைத்தால், அதன் எண்ணுக்கு உரிய சூடு உண்மையிலேயே ஏறினால் மட்டும் வளையும். 1886-இல் ஜெர்மனியில் ஹெர்மன் செகர் கொண்டுவந்தது. இன்றுவரை குயவர்கள் நம்பும் சாட்சி அதுதான். சூளைச் சுவரில் இருக்கும் தெர்மோகப்பிள் என்ற சூடு அளக்கும் கருவி, தன் நுனி இருக்கும் இடத்துச் சூட்டை மட்டுமே சொல்லும். பழசானால் அதையும் தப்பாகச் சொல்லும்.

பட்டறைக்காரர் என் கையிலிருந்த கோன்களைப் பார்த்தார். சூளைத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "தம்பி, இதெல்லாம் எதுக்கு? கோன் உருகி தட்டுல ஒட்டினா எனக்குத்தான் சேதம். சூளையோட பேனல் டிகிரி சுத்தமா காட்டும். உச்சத்துக்குப் போனதும் படம் எடுத்து அனுப்புறேன், போதுமா?" அன்பாகத்தான் பேசினார். என் குவளை ஒன்றைக் கையில் எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்து, "நல்ல கை உங்களுக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் இளகிவிட்டேன். கோன்களைப் பையிலேயே போட்டுக்கொண்டு, முழுக் கூலியையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். வாசலைத் தாண்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. அப்போதே திரும்பிப் போய் அந்தக் கோன்களை வைத்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் படம் வந்தது. சிவப்பு எழுத்தில் 1240. ஓரத்தில் சின்னக் கீறல் விழுந்த பேனல். நான் அதை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன்.

குவளைகள் வந்தன. கிளேஸ் கொஞ்சம் மங்கலாக இருந்தது, விரலால் தடவினால் லேசாகச் சொரசொரத்தது. கேட்டேன். "மேட் ஃபினிஷ், இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க" என்றார். சந்தைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. நம்பினேன்.

இரண்டு சந்தைகளில் 46 விற்றது. மூன்றாவது சந்தையில் கடை பரப்பிக் கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா வந்தார். துணியில் சுற்றி வைத்திருந்த குவளையை எடுத்துப் பலகையில் வைத்து, பக்கத்துப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நிரப்பினார். "கொஞ்சம் நில்லுங்க, நீங்களே பாருங்க" என்றார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். குவளையைத் தூக்கினார். பலகையில் குவளையின் அடி அளவுக்கு ஈர வட்டம். விரலை வைத்தேன், நனைந்தது. "என் மேசை பூரா இப்படி வட்டம் வட்டமா ஊறிப்போச்சுப்பா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சுடுமண் பானை கசிவது அதன் குணம், அதனால்தான் அதில் தண்ணீர் குளிர்கிறது. ஆனால் ஸ்டோன்வேர் என்று சொல்லி விற்ற குவளை கசியக் கூடாது. மண்ணில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உருகி நுண்துளைகளை அடைத்தால்தான் அது கல்லாகும், அதற்கு உரிய சூடு வேண்டும். சூடு போதாவிட்டால் கிளேஸில் இருக்கும் ஊசித்துளை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, கிளேஸ் இல்லாத அடிப்பக்கமாக வெளியே வரும்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் மேலும் ஆறு பேர் வந்தார்கள். இன்றுவரை 19 பேர். மீதி 27 பேர் வரவில்லை. அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. அந்தக் குவளைகள் இப்போது யார் வீட்டு மேசையில் கசிந்துகொண்டிருக்கின்றனவோ.

பக்கத்துக் கடையில் பானை விற்கும் அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். எங்கே சுட்டாய் என்று கேட்டார். சொன்னதும் தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். சிவப்பு எழுத்தில் 1240. ஓரத்தில் அதே கீறல். கண்ணாடியில் தெரிந்த ஜன்னல் வெளிச்சம்கூட அதே சாய்வு. என் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், ஒரே படம். அவருக்கு அது மூன்று மாதத்துக்கு முன்னால் வந்தது.

அன்று ராத்திரியே வீட்டுக்கு வந்து சோதனை வில்லையைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு சூட்டிலும் ஒரு மண் வில்லை சேர்த்து வைப்பது என் வழக்கம். ஈரமாக இருக்கும்போதே அதில் 10 செ.மீ. கோடு கீறிவைப்பேன். என் மண் 1240-இல் 12 சதவீதம் சுருங்கும் என்று மூட்டையிலேயே போட்டிருக்கிறது. அப்படியானால் கோடு 8.8-க்கு வர வேண்டும். அளந்தால் 9.2. நாலு மில்லிமீட்டர். அடுத்து வில்லையை எடை போட்டேன், 96 கிராம். கொதிக்க வைத்து ஒரு நாள் ஊறவிட்டு, மேலே துடைத்துவிட்டு மறுபடி போட்டால் 103. ஏழு சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கிறது. இரண்டு சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய மண் இது.

இதையெல்லாம் எழுதிப் பட்டறைக்கு அனுப்பினேன். முதல் பதில்: "பார்க்கிறோம்." ஒரு வாரம் பேச்சில்லை. அப்புறம் "ஓனர் வெளியூர்ல இருக்கார்." ஓனர்தான் என் தோளில் கை வைத்துப் பேசியவர். நேரில் போனேன். அங்கே வேலை செய்யும் பையன் மட்டும் இருந்தான். நான் கேட்காமலேயே மெதுவாகச் சொன்னான்: "சூட்டுக் கம்பி தேஞ்சு ரெண்டு மாசமாச்சு அண்ணே, தேவையான சூடு ஏற மாட்டேங்குது." அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவன். ஓனரிடம் போனில் கேட்டால், "கிளேஸ் நீங்க கலந்தது, மண்ணு நீங்க வாங்கினது, நான் எப்படிப் பொறுப்பு?" படத்தைப் பற்றிக் கேட்டதும், "எல்லாப் படமும் ஒரே மாதிரிதான் இருக்கும்." கூலியில் பாதியாவது திருப்பிக் கேட்டேன். அதற்குத்தான் நேற்றைய பதில்.

மறுபடி சுட வேண்டியதுதானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். விற்காத 26-இல் நாலை வேறொருவர் சூளையில் வைத்துப் பார்த்தேன். நாலிலும் கிளேஸ் வழிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டது. தட்டுச் சேதமும் என் தலையில். திரும்பி வந்த 19-ஐச் சூளையில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஊறிய தண்ணீர் முழுக்கக் காயாமல் சூடு ஏறினால் நீராவி வெடிக்கும், பக்கத்தில் இருப்பவர்களின் பானைகளும் போகும். அதனால் கணக்கு அப்படியே 72. இரண்டரை மாதம், முழுச் சூளைக்கூலி, திருப்பிக் கொடுத்த பணம், 72 குவளைகள்.

சூளை தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும். கோன் வைக்க விடாத சூளையில் ஒரு குவளையைக்கூட வைக்காதீர்கள். படம் கேட்டால் உங்கள் பானைகளும் வளைந்த கோனும் தெரியும் படமாகக் கேளுங்கள், பேனல் படம் எதற்கும் உதவாது. முழுக்கூலியை முன்னால் கொடுக்காதீர்கள். சந்தைக்கு எடுத்துப்போகும் முன் ஒவ்வொரு சூட்டிலிருந்தும் இரண்டு பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, காகிதத்தின் மேல் ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள். நான் செய்யாமல் விட்டது இதுதான், அவசரத்தில்.

அப்புறம் இன்னொன்று. சாம்பல் நிற உடம்பு, விளிம்பில் நீலக்கோடு, அடியில் பெருவிரல் ரேகை பதித்த குவளை உங்களிடம் இருந்தால், தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கசிந்தால் எந்தச் சந்தையில் என்னைப் பார்த்தாலும் கொண்டுவாருங்கள். உடைந்திருந்தாலும் பரவாயில்லை, பணத்தைக் கொடுத்துவிடுகிறேன்.