கணிப்பு, மிதவை, கண்: நல்ல அலையை அறிய எதை நம்புவது?

அலைச்சறுக்குப் பலகையின் மேல் எழுந்து நிற்கப் பழகுவதைவிட, எந்த நாளில், எந்த வேளையில் கடலில் இறங்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் அதிகக் காலம் பிடிக்கிறது. எங்கோ தொலைவில் வீசிய புயல், அது இருந்த திசை, கரையை ஒட்டிய கடலடியின் அமைப்பு, கடல் நீர்மட்டம் ஏறி இறங்கும் ஓதம், அந்த வேளையில் வீசும் காற்று ஆகிய அனைத்தும் கூடி வந்தால்தான் நல்ல அலை கிடைக்கும். அதை அறிய இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: கணினி மாதிரிகள் தரும் அலைக் கணிப்பு, கடலில் நங்கூரமிட்ட மிதவைகள் தரும் அளவீடு, கரையில் நின்று பார்க்கும் நம் கண். பெரும்பாலோர் கைப்பேசியில் கணிப்பைப் பார்த்துவிட்டு நேரே கடலுக்குச் செல்கிறார்கள். இம்மூன்றில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும், கடலைப் பற்றி மிக அதிகமாகக் கற்றுத் தருவதும் மிதவைதான் என்பது என் உறுதியான கருத்து.

கணிப்பிலிருந்து தொடங்கலாம். அலையை அறிவியல் முறையில் கணிக்கும் கலை விளையாட்டுக்காகத் தோன்றியது அன்று. இரண்டாம் உலகப் போரில் கடற்கரைகளில் படைகளை இறக்கும் நாளைத் தேர்வு செய்வதற்காக, ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்பும் வால்டர் மங்க்கும் அதை உருவாக்கினார்கள். 1944 ஜூன் மாத நார்மண்டி படையிறக்கத்திலும் அம்முறை பயன்பட்டது. 1985இல், அலைக் கணிப்பாளர் ஷான் காலின்ஸ் பங்கேற்ற, அலை நிலையைச் சொல்லும் சர்ஃப்லைன் என்னும் தொலைபேசிச் சேவை கலிஃபோர்னியாவில் தொடங்கிய பிறகு, அலைச்சறுக்கு வீரர்கள் வானிலைப் படங்களைத் தாங்களே அலச வேண்டிய தேவை குறையத் தொடங்கியது. இன்று அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா நடத்தும் வேவ்வாட்ச் 3 போன்ற மாதிரிகள் ஒரு நாளைக்கு 4 முறை ஓடி, 16 நாள்கள் வரைக்குமான அலை நிலையைக் கணித்துத் தருகின்றன. நாம் கைப்பேசியில் பார்க்கும் செயலிகளில் பலவும் இத்தகைய மாதிரிகளின் வெளியீட்டை வாங்கி, வண்ணம் பூசி, நட்சத்திர மதிப்பீடும் சேர்த்துக் காட்டுபவைதான்.

மூன்று நான்கு நாள்களுக்கு முன்பே பயணத்தைத் திட்டமிடக் கணிப்பை விட்டால் வேறு வழியே இல்லை. ஆனால் அதில் எதைப் படிக்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முதலில் கண்ணில் படும் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதன் அருகில் நொடிகளில் தரப்பட்டிருக்கும் அலைவுக் காலத்தை, அதாவது ஒரு முகடு கடந்த பின் அடுத்த முகடு வந்து சேர ஆகும் நேரத்தை, கவனிக்காமல் விடுகிறார்கள். ஆழ்கடலில் அலை சுமந்து வரும் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கும் அலைவுக் காலத்துக்கும் ஏற்ப அமைகிறது. அந்தக் கணக்கின்படி 1.5 மீட்டர் உயரமும் 7 நொடி அலைவுக் காலமும் கொண்ட, அருகில் வீசும் காற்று எழுப்பிய காற்றலையும், 1 மீட்டர் உயரமே கொண்ட 16 நொடி ஸ்வெல்லும் (தொலைவில் வீசிய புயலிலிருந்து பயணித்து வரும் அலை) ஏறக்குறைய ஒரே அளவு ஆற்றலைக் கரைக்குக் கொண்டு வருகின்றன. பார்வைக்குச் சிறியதாக உள்ள அந்த 16 நொடி அலை, ஆழம் குறையும் இடத்தில் மற்றதைவிட அதிகமாக உயர்ந்து, நீண்ட சுவராக ஒழுங்காக உடையும். 7 நொடி அலையோ அடுத்தடுத்து வந்து மோதி, துடுப்புபோல் கைகளை வீசி உள்ளே செல்பவரைக் களைப்படையச் செய்யும்.

அலைவுக் காலம் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அலை தன் நீளத்தில் பாதி ஆழத்தை எட்டும்போதே கடலடியை உணரத் தொடங்குகிறது. 8 நொடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர் என்பதால், அது 50 மீட்டர் ஆழத்தில்தான் தரையை உணரும். 16 நொடி அலையின் நீளம் சுமார் 400 மீட்டர். அது 200 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணர்ந்து, திரும்பவும் வளையவும் குவியவும் ஆரம்பித்துவிடும். போர்ச்சுகலின் நசாரேயில் சுமார் 5,000 மீட்டர் ஆழம் வரை இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரையை நெருங்கி வந்து முடிவதால், பள்ளத்தின் மேல் விரைந்து வரும் அலையும் அதன் ஓரத்து ஆழம் குறைந்த பகுதியில் மெதுவாகும் அலையும் ஓரிடத்தில் கூடி மலைபோல் எழுகின்றன. 2020 அக்டோபரில் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் சறுக்கியதாகப் பதிவான 26.21 மீட்டர் அலை அங்கே எழுந்ததுதான். அதே ஸ்வெல் சற்றுத் தள்ளியுள்ள கடற்கரையில் மிகச் சிறியதாகவே உடையும். பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகக் கடலைப் பிரித்துக் கணக்கிடும் உலகளாவிய மாதிரிக்கு இந்த நுண்மை எட்டாது. ஆகவே நட்சத்திர மதிப்பீட்டை நான் ஒருபோதும் பொருட்படுத்துவதில்லை. உங்கள் கரைக்கு எந்தத் திசை உகந்தது, எந்த ஓதத்தில் அலை சரியாக உடையும் என்பதை அது பல வேளைகளில் முழுமையாக அறியாது. மேலும் நட்சத்திரம் கூடிய நாளில்தான் எல்லோரும் ஒரே மணிக்கு வந்து சேர்கிறார்கள்.

கணிப்பு எவ்வளவு கூர்மையானாலும் அது கணிப்புதான் என்பதற்கு, ஹவாயின் வைமேயா விரிகுடாவில், அங்கு உயிர்காப்பாளராக இருந்த பேரலை வீரர் எடி ஐகாவ் நினைவாக நடக்கும் பேரலைப் போட்டியைவிடச் சிறந்த சான்று தெரியவில்லை. அலையின் முகப்பு சுமார் 12 மீட்டர் உயரத்தைத் தொட்டால்தான் அந்தப் போட்டி நடக்கும்; ஆகவே பல ஆண்டுகள் நடக்காமலே கழிந்துவிடுகின்றன. 2016 பிப்ரவரி 10 அன்று போட்டி நடக்கும் என்று கணிப்பை வைத்து அறிவித்து, வீரர்களும் மக்களும் திரண்ட பிறகு, விரிகுடாவில் அலைகள் போதிய அளவு எழாததால் அன்று காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். அதே மாதம் 25ஆம் தேதி கடல் உண்மையிலேயே எழுந்தபோதுதான் அது நடந்தது. ஜான் ஜான் ஃப்ளோரன்ஸ் வென்றார். கணிப்பை முழுதாக நம்பிப் போட்டியைத் தொடங்கியிருக்கலாம். கடலைப் பார்த்துவிட்டு நிறுத்திய அந்த முடிவில் அலைச்சறுக்குப் பண்பாட்டின் மிகச் சிறந்த கூறு ஒன்றைக் காண்கிறேன்.

மிதவை சொல்வது கணிப்பு அல்ல, நடந்து முடிந்த செய்தி. மிதவை கடலோடு மேலும் கீழும் ஆடும்போது உள்ளே உள்ள கருவி அந்த முடுக்கத்தை அளந்து, அதிலிருந்து அலையின் உயரத்தையும் அலைவுக் காலத்தையும் திசையையும் கணக்கிட்டுக் கரைக்கு அனுப்புகிறது. கரைக்கு வெளியே 300 கிலோமீட்டர் தொலைவில் ஒரு மிதவை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அலைக்கூட்டத்தின் வேகம், நொடிகளில் உள்ள அலைவுக் காலத்தை 0.78ஆல் பெருக்கினால் நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கில் கிடைக்கும். 16 நொடி ஸ்வெல் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் வந்து 7 மணி நேரத்துக்குள் கரையைத் தொடும். 10 நொடி அலைக்கு ஏறத்தாழ 11 மணி நேரம் தேவை. எனவே அதிகாலையில் மிதவையில் 16 நொடி தோன்றத் தொடங்கினால், கரையில் கடல் அமைதியாகவே இருந்தாலும், நண்பகலுக்கு முன் அலை வரும் என்று சொல்லிவிடலாம். புதிய ஸ்வெல் வரும்போது நீண்ட அலைவுக் காலம் கொண்ட அலைகளே முதலில் வந்து சேர்கின்றன என்பதால், உயரம் கூடாமல் நொடி மட்டும் 9இலிருந்து 17க்குத் தாவும் அந்த வரியைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். பழகிய கண்ணுக்கு அந்த ஒற்றை வரி எந்த நட்சத்திரத்தையும்விட அதிகம் சொல்லும்.

மிதவைக்கும் குறைகள் உண்டு. அது தரும் உயரம், அளவிடப்பட்ட நேரத்தில் கடந்த அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஆகவே அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரமுள்ள அலையும் இடையில் வரக்கூடும். இரண்டு திசைகளிலிருந்து இரண்டு ஸ்வெல்கள் ஒரே நேரத்தில் வந்தால் அவற்றை ஒரே உயரமாகக் கலந்து காட்டும். அலைவுக் காலவாரியாகப் பிரித்துத் தரும் வரைபடத்தைத் திறந்து பார்த்தால்தான் உண்மை புரியும். மிதவைக்கும் கரைக்கும் நடுவே ஒரு தீவு இருந்தால் எண் பெரிதாக இருந்தும் கரையில் ஒன்றும் வராது. உலகின் பல கரைகளுக்கு அருகில் மிதவையே இல்லை என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை. அங்கே கணிப்பையும் கண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டியிருக்கிறது.

கண்ணுக்கு எட்டுவது இந்த நொடியும் இந்த இடமும் மட்டுமே. ஆனால் அந்த இடத்தைப் பற்றி மற்ற இரண்டும் அறியாத அனைத்தும் அதற்குத் தெரியும். சென்ற வாரத்துப் புயல் மணல்திட்டை எங்கே நகர்த்தியது, எந்த முனையில் அலை முதலில் உடைகிறது, உடையாமல் கருத்த நிறத்தில் வெளியேறும் இழுவை நீரோட்டம் எங்கே ஓடுகிறது, ஓதம் ஏற ஏற அலை கொழுத்துச் சரிகிறதா என்பவை கரையில் நின்று பார்ப்பவருக்கே விளங்கும். நிலக்காற்று அலையின் முகப்பைத் தாங்கிப் பிடித்து, அதை நேர்த்தியாக உடைய வைக்கிறது. கடற்காற்று எழுந்ததும் முகப்பு சிதறுகிறது. இந்த மாற்றம் நிகழும் சரியான மணியைச் செயலிகள் பல நாள்களில் தவற விடுகின்றன. நீருக்குள் காத்திருப்பவர்களில், அலை முதலில் உடையும் இடமான உச்சிக்கு மிக அருகில் உள்ளவருக்கே அந்த அலை உரியது என்ற மரபும், உச்சி எங்கே என்று பார்த்து அறிந்தவருக்கு மட்டுமே பொருள்படும்.

உயரத்தை மதிப்பிடுவதில் மட்டும் கண் எளிதில் ஏமாறும். உயரமான மேட்டிலிருந்தோ கேமரா வழியாகவோ பார்க்கும்போது அலை தட்டையாகத் தெரியும். அலைமேல் ஒரு ஆள் நிற்கும் வரை காத்திருந்து, அவர் உயரத்தோடு ஒப்பிடுவதே நம்பகமான வழி. ஹவாயில் அலையின் பின்புறத்தைக் கணக்கில் கொண்டு, முகப்பில் ஏறத்தாழ பாதியையே உயரமாகச் சொல்லும் மரபு இருக்கிறது. அங்கே 6 அடி என்று சொன்னதைக் கேட்டு இறங்கும் வெளியூர்க்காரர், தம்மைப்போல் இரு மடங்கு உயரமுள்ள சுவரை எதிர்கொள்ள நேரிடும்.

மூன்றும் முரண்படும் நாளில் என்ன செய்வது? கணிப்பும் மிதவையும் முரண்பட்டால் மிதவையை நம்பலாம், ஏனெனில் அது அளந்து சொல்கிறது. மிதவை பெரிதாகச் சொல்ல, கரை அமைதியாக இருந்தால் உடனே திரும்பிவிடக் கூடாது. நீண்ட அலைவுக் கால ஸ்வெல்லில் ஒரு அலைக்கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நீண்ட நேரம் ஓய்ந்திருப்பது இயல்பு என்பதால், அரை மணி நேரமாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதன் பிறகும் வரவில்லை என்றால் திசையோ ஓதமோ அந்தக் கரைக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். அன்றைய மிதவை எண்களையும் ஓத நிலையையும் குறித்து வைத்தால், அதே எண்கள் மறுபடி வரும்போது வேறு கரைக்குப் போகலாம். கணிப்பும் மிதவையும் சிறியது என்று சொல்ல, கண்ணுக்கு அலை பெரிதாகத் தெரிந்தால் தயக்கமே வேண்டாம்: அங்கே கண்ணைத்தான் நம்ப வேண்டும், அன்று இறங்கவும் கூடாது.