விசில் கணக்கும் வீட்டுச் சண்டையும்: ஐந்து லிட்டர் எவர்சில்வர் குக்கர், ஒரு மதிப்பீடு

பழைய அலுமினியக் குக்கருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, சேலம் சின்னக்கடை வீதிப் பக்கம் உள்ள ஒரு பாத்திரக்கடையில் ஐந்து லிட்டர் எவர்சில்வர் குக்கர் ஒன்றை வாங்கினோம். வெளிமூடி வகை, அடிப்பாகம் மட்டும் மூன்றடுக்கு, பொங்கி வரும் நீரைத் தாங்கிக்கொள்வதற்காக மூடியின் மேற்புறத்தில் ஆழமான குழிவு வைத்த புதிய அமைப்பு. ஏறக்குறைய இதே அமைப்பைப் பல நிறுவனங்கள் விற்கின்றன என்பதால், பெயரை விட்டுவிட்டு அமைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். குக்கரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பளபளப்பையும் கைப்பிடியையும் விலையையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஐந்து பேர் இருக்கும் ஒரு வீட்டில் காலை ஏழு மணிக்கும் எட்டரை மணிக்கும் இடையே அந்தக் குக்கர் எத்தனை சின்னச் சின்னச் சண்டைகளை மூட்டிவிடுகிறது, எத்தனையைத் தீர்த்து வைக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் உலோகம். என் மாமனார் சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1981-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலையில் எவர்சில்வர் தகடுகளோடு பல ஆண்டுகள் பழகியவர் என்பதால், அவரோடு பாத்திரக்கடைக்குப் போவதென்றால் அரை நாளை அதற்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய காந்தத்தை எடுத்து, அடுக்கியிருந்த குக்கர்களின் பக்கவாட்டிலும் அடியிலும் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார். கடைப் பையன், "ஐயா, எல்லாமே கம்பெனி மால்தாங்க" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு அவனே ஆர்வமாகி அடுத்த குக்கரைத் திருப்பிக் காட்ட ஆரம்பித்துவிட்டான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை, "இவரு காந்தம் வச்சு முடிக்கறதுக்குள்ள வீட்ல விளக்கு வச்சிடுவாங்க" என்று சொன்னது கடை முழுவதும் கேட்டது.

ஆனால் மாமா பார்த்த சோதனையில் விஷயம் இருக்கிறது. பக்கவாட்டில் காந்தம் ஒட்டாமலும் அடியில் நன்றாக ஒட்டியும் இருந்தால், உடல் நிக்கல் கலந்த எவர்சில்வர் என்றும், அடித்தகடு இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஏற்றதென்றும் தெரிந்துகொள்ளலாம். 304 என்று சொல்லப்படும் நல்ல ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். இருந்தாலும் காந்தம் ஒட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதை 304 என்று நம்பிவிடக் கூடாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் மலிவான 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. எனவே பாத்திரத்தின் மீதோ பெட்டியின் மீதோ ரக எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே சரி. நாங்கள் வாங்கியதில் அந்த எண் பொறிக்கப்பட்டிருந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி அதைப் படித்த பிறகுதான் பணம் கொடுக்க விட்டார்.

இனி விசிலுக்கு வருகிறேன். எங்கள் தெருவில் வீடுகள் நெருக்கமானவை. எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒதுங்கி நடக்கும் அளவுக்கு ஒரு சந்து மட்டுமே உண்டு. இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் குக்கர் ஏறும். பழைய குக்கரின் விசிலும் அவர்களுடைய விசிலும் ஒரே குரலில் கத்தும். நான் குளிக்கப் போகும்போது, "ஏங்க, நாலு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் போவேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலேயே எண்ணுவார். திரும்பி வந்து எத்தனை ஆயிற்று என்று கேட்டால், "மூணு. இல்ல, நாலு. நடுவுல ஒண்ணு சின்னதா வந்துச்சு, அதைச் சேத்துக்கறதா வேண்டாமா?" என்பார். கூடத்திலிருந்து அத்தை, "நான் அஞ்சு கேட்டேன்" என்பார். பள்ளிக்குச் சாக்ஸ் தேடிக்கொண்டிருக்கும் மகள், "அதுல ரெண்டு பக்கத்து வீட்டு விசில் பாட்டி" என்று தீர்ப்புச் சொல்வாள். அதற்குள் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு அக்காவே, "இப்ப வந்தது உங்களதா எங்களதா?" என்று கேட்டுவிடுவார். மூடியைத் திறந்தால் ஒரு நாள் அரிசி நறுக்கென்று நிற்கும், மறுநாள் குழைந்து கூழாகிவிடும். அதற்கு யார் பொறுப்பு என்பது சாப்பாடு முடியும் வரை விசாரிக்கப்படும்.

புதிய குக்கரின் விசில் சற்றுக் கனத்த குரலில், இழுத்து, ஒரே சீராக வருகிறது. பக்கத்து வீட்டு விசிலிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல முடிகிறது. அரைகுறை விசில் அநேகமாக இல்லை. கடையில் யாரும் இதை ஒரு சிறப்பாகச் சொல்லி விற்பதில்லை. என் கணக்கில் இந்தக் குக்கரின் முதல் சிறப்பு இதுதான்.

ஆனாலும் விசிலை எண்ணுவதே நம்பகமான கணக்கு இல்லை என்பதைக் குக்கரோடு வந்த கையேடு தெளிவாகச் சொல்கிறது, அதை எங்கள் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து நான் வாசித்தும் காட்டினேன். உள்ளே ஆவியின் அழுத்தம் வெயிட்டின் கனத்தைத் தாண்டும்போது வெயிட் தூக்கிக்கொடுக்கிறது, கொஞ்சம் ஆவி போனதும் மறுபடி உட்கார்ந்துகொள்கிறது. தீயைக் கூட்டி வைத்தால் நாலு விசில் சில நிமிடங்களில் வந்துவிடும். குறைத்து வைத்தால் அதே நாலு விசிலுக்குக் கால் மணி நேரம்கூட ஆகும். பாத்திரத்தில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அரிசி என்பதைப் பொறுத்தும் அது மாறும். உள்ளே இருக்கும் வெப்பமோ எத்தனை விசில் வந்தாலும் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸிலேயே நிற்கிறது. எனவே முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பார்த்து இத்தனை நிமிடம் என்று வைப்பதே சரியான முறை. துவரம்பருப்புக்கு இந்தக் குக்கரில் முதல் விசிலுக்குப் பிறகு சிறுதீயில் எட்டு நிமிடம் போதுமாக இருக்கிறது. கேஸும் மிச்சமாகிறது. அத்தை மட்டும் இதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. கடிகாரத்தையும் பார்க்கிறார், விசிலையும் எண்ணுகிறார், இரண்டும் ஒத்துவராத நாளில் விசிலின் பக்கமே நிற்கிறார்.

இதே குக்கரை ஏற்காட்டில் இருக்கும் என் அக்காவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்தார். பின் இருக்கையில் வைத்தால் வெயிட் எங்காவது உருண்டுவிடும் என்று அவருக்குப் பயம். ஒரு வாரத்துக்குள் அக்காவிடமிருந்து போன் வந்தது. "உன் எட்டு நிமிஷக் கணக்கையெல்லாம் சேலத்தோட வச்சுக்கோடி, இங்க பருப்பு வேகவே மாட்டேங்குது" என்றார். அதில் அக்காவின் குறையும் இல்லை, குக்கரின் குறையும் இல்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், சேலத்தில் 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் ஏற்காட்டில் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறது என்று பார்த்துத் திறந்த பாத்திரத்தில் பருப்பு போட்டவர்கள் மணிக்கணக்கில் காத்திருப்பது இதனால்தான். வெயிட் போட்ட குக்கருக்குள் இந்த நான்கு டிகிரி வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது; மலையில் வசிப்பவர்களுக்குக் குக்கர் அவசியப் பொருளாவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். ஆயினும் அந்த இரண்டு டிகிரியும் கணக்கில் சேரும். 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சமைக்கும் நேரத்தை ஐந்து சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது பொதுவான விதி. அதன்படி ஏற்காட்டுக்குப் பதினைந்து சதவீதம் கூடுதலாக வரும். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றரை நிமிடம் கூட்டி வைக்கச் சொன்னேன். இப்போது வேகிறது.

மூடியில் இருக்கும் குழிவைப் பற்றிக் கடையில் நிறையச் சொன்னார்கள். பருப்பு நுரைத்துக்கொண்டு ஆவிக்குழாய் வழியே பொங்கி, அடுப்பின் மீதும் சுவர் ஓட்டின் மீதும் மஞ்சளாக வழிவது எங்கள் வீட்டில் நெடுநாள் வழக்கு. யார் துடைப்பது என்பதில் வரும் பேச்சைக் கேட்க விரும்பாத என் கணவர், ஆவிக்குழாயைச் சுற்றி ஈரத்துணியைச் சுற்றும் பழக்கமே வைத்திருந்தார். அது ஆபத்தான பழக்கம், யாரும் செய்யக் கூடாது. இப்போது பொங்கும் நீர் குழிவிலேயே தேங்கி நின்றுவிடுகிறது, சுவர் சுத்தமாக இருக்கிறது. இதில் இரண்டு குறைகள் உண்டு. பருப்பு வகைகளைப் பாதிக்கு மேல் நிரப்பினால் குழிவும் நிரம்பி வழிகிறது. பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது எல்லாக் குக்கருக்கும் உள்ள விதிதான், ஆனால் விருந்தாளி வந்த நாளில் அது யாருக்கும் நினைவிருப்பதில்லை. இரண்டாவது, குழிவில் தேங்கிய பருப்புத் தண்ணீர் காய்ந்து ஆவிக்குழாயின் அடியில் மஞ்சள் பசையாக ஒட்டிக்கொள்கிறது. சாதாரண நார் அந்த இடுக்குக்குள் போகாது. பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைத் தொட்டியருகே வைத்திருக்கிறோம். அது குக்கர் பிரஷ் என்று தெரிவதற்காக அதன் பிடியில் மகள் சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அதிகாலையில் அதைக் கையில் எடுத்துவிட்ட பிறகு எடுத்த முன்னெச்சரிக்கை அது.

கொள்ளு வேகவைப்பதுதான் எங்கள் பக்கத்தில் குக்கருக்கு உண்மையான பரீட்சை. இரவே ஊறப்போட்ட கொள்ளு, சிறுதீயில் இருபத்தைந்து நிமிடத்தில் கடைசலுக்கு ஏற்ற பதத்தில் வெந்துவிடுகிறது. அரிசியும் பருப்பும் சாதத்தில் மட்டும் கவனம் வேண்டும். எவர்சில்வர் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். அடியில் அலுமினியத் தகட்டை நடுவில் வைத்து ஒட்டியிருப்பதால் அடி சமமாகச் சூடாகிறது, ஆனால் அந்தத் தகடு முடியும் விளிம்பை ஒட்டித் தீ நாக்கு மேலே ஏறினால் அங்கே மட்டும் வளையமாகப் பிடித்துக்கொள்கிறது. சின்ன பர்னரில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். சில முறை சமைத்ததுமே உட்புறத்தில் வெள்ளைப் படலம் தட்டிவிட்டது. கொஞ்சம் புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவைத்தால் போய்விடுகிறது. அந்தக் கடினத்தன்மை பருப்பு வேகும் நேரத்தையும் கூட்டும் என்பதால், சமையலுக்கு மேட்டூர்க் குழாய் தண்ணீர் கிடைக்கும் நாளில் அதையே பயன்படுத்துகிறோம்.

கனம் ஒரு குறை. பழைய அலுமினியக் குக்கரை அத்தை ஒரு கையால் தூக்கி இறக்குவார். இதைச் சாதத்தோடு இறக்க இரண்டு கையும் வேண்டும். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் மூன்று லிட்டர் வாங்குவதே நல்லது.

கேஸ்கட் தளர்ந்துவிட்டால் அதை ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துப் போடுவது எல்லா வீட்டிலும் உள்ள வைத்தியம். எங்கள் வீட்டில் ஐஸ் கட்டி எடுக்கப் போன மகள், கறுப்பாக வளைந்து உறைந்து கிடந்ததைப் பார்த்து வீடே அதிரும்படி அலறினாள். அந்த வைத்தியம் ஓரிரு நாள் கைகொடுக்கும், அவ்வளவுதான்; ரப்பர் கெட்டுப்போன பிறகு குளிர் அதைத் திருத்தாது. ஆவி பக்கவாட்டில் கசிந்தால் உள்ளே அழுத்தமே ஏறாது, விசிலும் வராது, தண்ணீர் வற்றி அடிப்பிடித்துவிடும். அதற்கு மேலும் விட்டுவைத்தால் சேஃப்டி வால்வு போய்விடும். 1679-இல் டெனி பாப்பின் முதல் அழுத்தக் கலத்தைச் செய்த காலத்திலேயே, வெடிக்காமல் இருக்க அதற்கு ஒரு வால்வு தேவைப்பட்டது. இன்று நம் சமையலறையில் அந்த வேலையைச் செய்வது காசளவு உலோகத் துண்டுதான். அதை அந்தக் குக்கருக்கென்று செய்த அதே வால்வால் மட்டுமே மாற்ற வேண்டும். 2021 பிப்ரவரி 1 முதல் வீட்டு உபயோகக் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகியிருக்கிறது, ஐ.எஸ். 2347 என்ற எண் பாத்திரத்தில் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத குக்கர்கள் இணையத்தில் விற்கப்பட்டதற்காக 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்ததை நினைத்தால், மலிவு விலையைப் பார்த்து அவசரப்படக் கூடாது என்று தோன்றுகிறது.

ஐந்து ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். கேஸ்கட், வால்வு, கைப்பிடி ஆகியவை அதில் சேரா என்பதைப் பில்லின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேஸ்கட் மாற்றப் போகும்போது, "அஞ்சு லிட்டருக்கு ஒண்ணு கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரே அளவுக் குக்கருக்கும் மூடியின் விட்டம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழைய கேஸ்கட்டையே கையோடு எடுத்துப் போய், அதில் பொறித்திருக்கும் எழுத்தைக் காட்டி, பொருத்திப் பார்த்து வாங்குங்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவிட்டால் தீபாவளி நேரத்துக் கடைத்தெரு நெரிசலில் மறுபடி ஒரு முறை போக வேண்டியிருக்காது.