பசங்களோட குரூஸ்: டிஸ்னியா, ராயல் கரீபியனா?

சின்னப் பசங்களோட குரூஸ், அதாவது சொகுசுக் கப்பல் டூர் போறதுன்னா நான் கண்ண மூடிட்டு டிஸ்னின்னுதான் சொல்லுவேன், ஏன்னா 1998ல முதல் கப்பல் விட்டதுல இருந்தே ஃபேமிலிய மனசுல வெச்சு கட்டியிருக்காங்க, நிறைய ரூம்ல டாய்லெட் தனி குளியல் தனி, காலைல ஒருத்தர் குளிக்கும்போதே இன்னொருத்தர் கிளம்பிடலாம். டின்னர் தினமும் வேற வேற ரெஸ்டாரன்ட், ஆனா பரிமாறுறவங்க நம்ம கூடவே வருவாங்க, மூணாவது நாள் பாப்பா கேக்காமலே அவளுக்குப் பிடிச்ச ஜூஸ் வந்து நிக்கும், அந்த முகத்தப் பாக்கணுமே!

பத்து வயசு தாண்டிட்டா கதை வேற. ராயல் கரீபியன்ங்கற இன்னொரு குரூஸ் கம்பெனியோட ஐகான் ஆஃப் த சீஸ் கப்பல், 2024ல வந்தது, 6 வாட்டர் ஸ்லைடு, 7 நீச்சல் குளம், பசங்க உங்கள தேடவே மாட்டாங்க. எதுல போனாலும் வழில கப்பல் நிக்கற ஏதாவது ஒரு ஊர்ல மட்டும் கரைக்கு இறங்காம கப்பல்லயே இருங்க, மத்தவங்க இறங்கிடுறதால அன்னிக்கு ஸ்லைடுல க்யூ ரொம்பவே கம்மியா இருக்கும்.