வீட்டுக் குட்டையில் எதை நடுவது: வெங்காயத்தாமரையா, தாமரையா, ஆம்பலா?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் யாராவது வீட்டுப் பின்புறம் குட்டை வெட்டினால் முதலில் வந்து சேர்வது வெங்காயத்தாமரைதான். வாய்க்காலில் இலவசமாகக் கிடைக்கிறது, ஊதாப் பூவும் அழகு. மலாய்க்காரர்கள் கெலாடி புந்திங் என்பது இதைத்தான். தவளையும் தட்டானும் வரவேண்டும் என்று குட்டை வெட்டுகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

இது தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. நல்ல வெயிலும் உரம் கலந்த தண்ணீரும் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். குட்டை முழுக்க மூடிவிட்டால் அடியில் வெளிச்சம் இல்லை, காற்றும் குறையும். அதைவிட மோசம் கொசு. மான்சோனியா கொசுவின் புழு மற்றப் புழுக்களைப் போல மூச்சுவிட மேலே வராது. இந்த வேர்களில் குழலைக் குத்தி அங்கிருந்தே காற்றை இழுத்துக்கொள்ளும், அதனால் மீன் வாயில் எளிதில் சிக்காது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு அது. இதேபோல மிதக்கும் இன்னொரு செடியான ஆகாயத்தாமரையிலும் இதே தொல்லை உண்டு.

சரி, தாமரை? ஆசிய மண்ணுக்கே உரிய செடி. பகாங்கின் தாசேக் சினி ஏரி அதற்குப் பேர்போனது. ஆனால் அது ஏரிக்கான செடி. கிழங்கு சேற்றுக்குள் ஓடி ஓடிச் சின்னக் குட்டையை நிரப்பிவிடும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயிலும் வேண்டும். சாமிக்குப் பூ வேண்டுமென்றால் தனித் தொட்டியில் வளர்த்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு ஆம்பல். முப்பது முதல் அறுபது சென்டிமீட்டர் ஆழம் போதும். இலை தண்ணீர்மேல் படுத்திருப்பதால் தவளை உட்காரும், இலையடியில் நத்தை முட்டையிடும், ஊசித்தட்டான் தண்டுக்குள் முட்டை வைக்கும். இதிலும் இரண்டு உண்டு. வெள்ளாம்பல் இரவில் விரிந்து காலையில் வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும், நீல ஆம்பல் பகலில் விரியும். தேனீக்களுக்காக என்றால் நீலம். பகலெல்லாம் வேலைக்குப் போய் இருட்டுகிற நேரத்தில் வீடு திரும்புகிறவர்களுக்கு வெள்ளைதான் பொருத்தம். நர்சரியில் நீல ஆம்பல் என்று தருவது பெரும்பாலும் கலப்பினம், அதனால் கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் குட்டையில் பாதிக்குமேல் இலை மூடவிடாதீர்கள்.

பூவைப் பார்த்து வாங்குகிறவர்கள் கரையை மறந்துவிடுகிறார்கள். தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள் கொசுப்புழுவைத் தின்று வளர்ந்து, கடைசியில் ஒரு தண்டைப் பிடித்து மேலே ஏறித்தான் தோலை உரித்துப் பறக்கிறது. நிமிர்ந்த தண்டு இல்லாத குட்டையில் அதற்கு வழியே இல்லை. கடைகளில் கிடைக்கும் குடைக்கோரை மடகாஸ்கர் செடி. தட்டான் ஏற அதுவும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் வடிகால் வழியே பரவக்கூடியது. நம் நாட்டுச் செடி வேண்டுமென்றால் கெர்ச்சூட் கோரை இருக்கிறது. 1994-இல் மலேசியாவின் முதல் ராம்சார் (உலக முக்கியத்துவம் பெற்ற) சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்ட தாசேக் பெரா ஏரியில் ஆளுயரத்துக்கு அடர்ந்து நிற்பது இதுதான், பாய் முடையவும் பயன்படும். கிடைக்கவில்லையா, சேம்பு நடுங்கள். அகன்ற இலை தண்ணீர்மேல் கவிந்திருந்தால் மரத்தவளை அங்கே நுரைக்கூடு கட்டும், பொரிந்த தலைப்பிரட்டை நேராகக் குட்டைக்குள் விழும்.

கங்கோங் கீரையா வல்லாரையா என்பதில் பெரிய சண்டை இல்லை. தண்ணீருக்குள் கங்கோங், ஈரக் கரையில் வல்லாரை. கங்கோங்கை அடிக்கடி பறித்துச் சமைத்தால் அடங்கியிருக்கும். ஆனால் செம்பனைக்குக் களைக்கொல்லி அடிக்கும் இடத்து வாய்க்காலிலிருந்து செடியோ தண்ணீரோ கொண்டுவர வேண்டாம்.

அப்புறம், டிங்கி பயம். அக்கம்பக்கத்தார் கேட்பது நியாயமே. வீட்டில் ஏடிஸ் புழு இருந்தால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. உள்ளூர் செப்பாட் மீன் இரண்டு மூன்று விட்டால் புழுவைக் கவனித்துக்கொள்ளும். கூட்டமாக விட்டால் தட்டான் குஞ்சையும் விடாது. திலாப்பியா மட்டும் வேண்டவே வேண்டாம், நட்ட செடியைக்கூடத் தின்றுவிடும்.