காரின் கறுப்பு பிளாஸ்டிக்கைப் புதுசாக்குகிறோம் என்றார்கள். 3,800 ரூபாய் போச்சு

அந்தக் கார் வாஷ் கடை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். வந்த சூட்டோடு எழுதுகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது வெள்ளைக் கார், 8 வருஷ வண்டி. கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பம்பரின் கீழ்ப்பகுதி, சக்கரத்துக்கு மேலே இருக்கும் கறுப்பு வளைவு எல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. பெயின்ட் அடிக்காத பிளாஸ்டிக் வெயிலில் கிடந்தால் அப்படித்தான் ஆகும். தர்மபுரியில் மச்சான் கல்யாணம். அதற்குள் சரிசெய்யலாம் என்று பைபாஸ் பக்கம் ஒரு கார் வாஷ் கடைக்குப் போனேன்.

பையன் ஸ்பாஞ்சில் எதையோ தொட்டு, பம்பர் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தான். ஷோரூமில் எடுத்த அன்று இருந்த அதே கறுப்பு! அங்கேதான் விழுந்தேன். "செராமிக் கோட்டிங் சார், ரெண்டு வருஷத்துக்குத் திரும்பியே பார்க்க வேண்டாம்" என்றார் ஓனர். பிளாஸ்டிக் மேல் இறுகிப் பிடித்து நிற்கும் பூச்சு அது. டீ வேறு வரவழைத்தார். பாட்டிலில் லேபிள் கிழிந்திருந்ததைப் பார்த்தேன். ஆனால் அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்துக்கொண்டே அதை எப்படிக் கேட்பது? 3,800 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். 20 நிமிடத்தில் சாவி கைக்கு வந்தது.

மண்டப வாசலில் என் மனைவி வண்டியை ஒட்டி நின்றாள். மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புப் பிசுக்கு. திரும்பும்போது காவேரிப்பட்டணம் தாண்டி மழை. வீட்டுக்கு வந்து பார்த்தால், அழுத முகத்தில் மை வழிந்த மாதிரி பம்பர் ஓரமெல்லாம் கறுப்புக் கோடு. நாலாம் நாள் பழையபடி சாம்பல். இதில் பின்சக்கர வளைவில் ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) வேறு பிடித்திருக்கிறார்கள். சொரசொரப்பு போய் வழவழவென்று ஒரு திட்டு, ஓரம் நெளிந்திருக்கிறது. அதை இனி மாற்றத்தான் வேண்டும்.

போன் செய்தால், "ஷாம்பூ போட்டுக் கழுவினீங்களா சார்? அதான்." அடுத்த முறை, "ஓனர் பெங்களூர் போயிருக்கார்." வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்று நேரில் போனால், "நீங்க போட்டது சாதா சார். கோட்டிங்னா 6,000 ஆகும்" என்கிறார் ஓனர்! அப்போ 3,800 எதற்கு வாங்கினாய்? பையன் தலை நிமிரவே இல்லை. இன்னொருவர் வண்டியில் தேய்த்துக்கொண்டிருந்தான், அதே கிழிந்த லேபிள் பாட்டில். வண்டிக்காரர் கையில் டீ.

சரி, சொல்லிவிடுகிறேன். பாட்டிலை வாங்கிப் படியுங்கள். நிஜக் கோட்டிங் என்றால் முதலில் பழைய எண்ணெய்ப் பசையைச் சுத்தமாகத் துடைப்பார்கள், பூசிய பிறகு சில மணி நேரம் நனைய விடமாட்டார்கள். மறுநாள் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், கறுப்பு ஒட்டினால் அது வெறும் பாலிஷ். ஹீட் கன்னைக் கிட்டே விடாதீர்கள். பில் வாங்குங்கள், நான் வாங்கவில்லை.

புடவையை டிரை கிளீனிங் போட 450 கேட்கிறார்கள். அது இந்த 3,800-ல் சேராது.