விமானப் பயணத்துக்கு எந்த டயப்பர்? பேன்ட், டேப், பெல்ட், பேட் நான்கையும் வைத்து ஓர் அலசல்

சிறுநீர்க் கசிவு உள்ள பெரியவர்கள் போடும் டயப்பர், வீட்டில் குறை சொல்ல முடியாததாக இருந்தாலும் விமானத்தில் காலை வாரிவிடலாம். வீட்டில் மாற்றும் நேரத்தை நாம் முடிவு செய்கிறோம், பயணத்தில் அப்படி இல்லை. செக்யூரிட்டி வரிசையில் நிற்கிறபோது விலகிப் போக முடியாது, சீட் பெல்ட் விளக்கு எரிகிறபோது எழுந்திருக்க முடியாது. மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருப்பதால் உடல் எடை முழுவதும் டயப்பரின் மேல்தான் இறங்குகிறது. ஆகவே பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துப் பயணத்துக்கு வாங்கக்கூடாது. நெடுநேரம் உட்கார்ந்தால் தாங்குமா, ஸ்கேனரில் எப்படித் தெரியும், நின்றபடியே மாற்ற முடியுமா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். இதில் நாங்கள் அதிக மதிப்பெண் கொடுப்பது மூன்றாவதற்குத்தான்.

பலரும் முதலில் எடுப்பது பேன்ட் டைப். உள்ளாடை போலவே இருக்கும், உடைக்கு மேல் தெரியாது, போடுவதும் எளிது. 3 மணி நேரத்துக்கு உட்பட்ட பயணத்துக்கும், லேசான அல்லது நடுத்தரக் கசிவுக்கும் இதுவே போதும். பிரச்சினை மாற்றும்போது வரும். பழையதைக் கழற்றுவது சுலபம், இரு பக்கத் தையலையும் கையாலேயே கிழித்துவிடலாம். கத்தரிக்கோல் தேவையே இல்லை, கை லக்கேஜில் வைத்து வீண் கேள்விக்கு ஆளாக வேண்டாம். ஆனால் புதியதைப் போட ஷூ, கால்சட்டை இரண்டையும் முழுவதும் கழற்றியாக வேண்டும். விமான டாய்லெட்டின் தரை பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும். அங்கே விமானம் ஆடிக்கொண்டிருக்க, ஒற்றைக் காலில் நின்று இதைச் செய்வது வயதானவர்களுக்கு ஆபத்து. கீழே விழுவதற்கான சூழ்நிலை அது. நெடும்பயணத்துக்குப் பேன்ட் டைப்பை நாங்கள் பரிந்துரைக்காததற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இரு பக்கமும் டேப்பால் ஒட்டும் டேப் டைப்பில் இந்தச் சிக்கல் இல்லை. கால்சட்டையை முழங்கால் வரை இறக்கினால் போதும், ஷூவைத் தொட வேண்டாம். கொள்ளளவும் பொதுவாக அதிகம். வெளிப்புறம் இரண்டு விதமாக வருகிறது. பிளாஸ்டிக் உறை கசிவையும் வாடையையும் நன்றாகத் தடுக்கும், ஆனால் நடக்கும்போது சலசலக்கும், சூடாகவும் இருக்கும். துணி போன்ற உறையில் சத்தம் இல்லை, காற்றோட்டம் உண்டு, டேப்பைப் பலமுறை எடுத்து ஒட்டலாம். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பயணத்துக்குத் துணி போன்ற உறையே எங்கள் தேர்வு. டேப்பை எடுத்து ஒட்ட முடிவது விமானத்தில் பெரிய வசதி. டாய்லெட்டுக்குப் போக முடிந்தபோது போய்விட்டு, நனையாத டயப்பரையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

பெல்ட் டைப்பைப் பலர் கவனிப்பதே இல்லை. டெனா பிராண்டின் ஃபிளெக்ஸ் இந்த வகை. முதலில் இடுப்பில் பெல்ட்டைச் சுற்றி ஒட்டிவிட்டு, பிறகு பேடைக் கால்களுக்கு நடுவே முன்பக்கம் கொண்டுவந்து அந்தப் பெல்ட்டிலேயே ஒட்ட வேண்டும். பின்பக்கம் நழுவாமல் இருக்க சுவரில் சாய வேண்டியதில்லை, நான்கு டேப்போடு போராட வேண்டியதில்லை. விரல்களில் வலுக்குறைவு உள்ளவர்களுக்கும், ஒரு கையால் கைப்பிடியைப் பற்றியபடியே மாற்றுகிறவர்களுக்கும் டேப் டைப்பைவிட இதுவே மேல். இடுப்பின் பக்கவாட்டில் துணி குறைவு என்பதால் பக்கம் திரும்பித் தூங்குகிறவர்களுக்கு மட்டும் கசிய வாய்ப்பு உண்டு.

பெரிய பேடை வலை உள்ளாடைக்குள் வைத்துப் போடும் முறையில் மாற்றுவது மிக வேகம், பையில் இடமும் குறைவாகவே எடுக்கும். நடுத்தரக் கசிவு வரை தைரியமாகப் போடலாம். உள்ளாடை இறுக்கமாக இல்லாவிட்டால் இருக்கையில் நகரும்போது பேடும் நகர்ந்துவிடும். வலை உள்ளாடையை ஒரு அளவு சிறியதாக எடுப்பது நல்லது.

கூடுதல் பாதுகாப்புக்கு உள்ளே வைக்கும் பூஸ்டர் பேடுக்குப் பின்பக்கம் பிளாஸ்டிக் இருக்கவே கூடாது. சாதாரண பேடைப் பூஸ்டராக வைப்பவர்கள் பலர். அது நிறைந்ததும் கீழே உள்ள டயப்பருக்கு இறங்க வழியில்லாமல் சிறுநீர் பக்கவாட்டில் வழிந்துவிடும். கீழே இருக்கும் டயப்பர் காய்ந்தே கிடக்கும், உடையோ நனைந்திருக்கும்.

இனி அந்த மில்லி கணக்கு. பாக்கெட்டில் உள்ள எண் பெரும்பாலும் 1996-ல் வந்த ஐஎஸ்ஓ 11948-1 என்ற சர்வதேசத் தரச் சோதனை முறையைச் சார்ந்தது. அதில் டயப்பரை முழுவதும் திரவத்தில் மூழ்கடித்து, வடியவிட்டு, எவ்வளவு தாங்கியது என்று எடை பார்க்கிறார்கள். மனித உடலில் எந்த டயப்பரும் அப்படி முழுவதும் நனைவதில்லை. சிறுநீர் ஓரிடத்தில் வேகமாக விழுகிறது. உள்ளே உள்ள சோடியம் பாலிஅக்ரிலேட் துகள்கள் அதை உறிஞ்சி ஜெல்லாக மாற நேரம் எடுக்கிறது. அதற்குள் உட்காரும் அழுத்தம் அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. 2,000 மில்லி என்று போட்டிருந்தால், இருக்கையில் அதில் பாதியைக்கூட நம்ப வேண்டாம். ஒருமுறை முழுவதும் வெளியேறும் சிறுநீர் சராசரியாக 300 முதல் 500 மில்லி. இருமுறைக்கு மேல் ஒரே டயப்பரை ஓட்ட நினைக்காதீர்கள்.

செக்யூரிட்டியைப் பற்றித்தான் எல்லாருக்கும் பயம். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். நடந்து கடக்கும் மெட்டல் டிடெக்டர் உலோகத்துக்கு மட்டுமே சத்தம் போடும். டயப்பரில் உலோகம் இல்லை. மேலே போடும் பிளாஸ்டிக் கால்சட்டையில் உலோகப் பொத்தான் இருந்தால் மட்டும் அதை மாற்றிவிடுங்கள்.

கைகளை உயர்த்தி நிற்கச் சொல்லும் ஸ்கேனர் வேறு விதம். அது மில்லிமீட்டர் அலைகளை அனுப்புகிறது. அவை துணியைத் தாண்டித் தோலில் பட்டுத் திரும்பும். தடித்த பேட் இருக்கும் இடத்தில் திரும்பி வருவது உடலின் வடிவத்தோடு ஒத்துப்போகாது, இயந்திரம் அங்கே ஒரு கட்டம் போடும். தண்ணீர் இந்த அலைகளை நன்றாகத் தடுக்கும் என்பதால் நனைந்த டயப்பர் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு இன்னும் அதிகம். இப்போது பரவலாக உள்ள இயந்திரங்களின் திரையில் உங்கள் உடலின் படம் வராது. எல்லாருக்கும் பொதுவான ஒரு பொம்மை உருவம், அதன் இடுப்புப் பகுதியில் ஒரு கட்டம், அவ்வளவுதான். ஆகவே வரிசைக்குப் போகும் முன் கடைசியாகக் கழிவறையில் புதியதாக மாற்றிக்கொண்டு, பூஸ்டரை எடுத்துவிட்டு நுழையுங்கள். மெல்லியதும் காய்ந்ததுமான டயப்பர் பல முறை எந்தக் கட்டமும் இல்லாமலே கடந்துவிடும். பூஸ்டரை உள்ளே போனபின் வைத்துக்கொள்ளலாம்.

கட்டம் விழுந்தால் கையால் தடவிப் பார்க்கும் சோதனை வரும். அதை உங்கள் பாலினத்தைச் சேர்ந்தவரே செய்ய வேண்டும். தனி அறை கேட்கலாம், உடன் வந்தவரையும் அழைத்துக்கொள்ளலாம். சோதனை தொடங்கும் முன்னரே, இயந்திரத்துக்குள் நுழையும்போதே, தாழ்ந்த குரலில் ஒரே வாக்கியம் சொல்லுங்கள்: "மருத்துவக் காரணத்துக்காக உறிஞ்சும் உள்ளாடை போட்டிருக்கிறேன், தனி அறையில் சோதித்தால் நல்லது." குரலில் பேசப் பிடிக்காதவர்கள் இதை ஒரு சிறு அட்டையில் எழுதி போர்டிங் பாஸோடு சேர்த்துக் கொடுக்கலாம். கழற்றிக் காட்டச் சொன்னால் பணிவாக மறுத்து, மேலதிகாரியை அழைக்கச் சொல்லுங்கள். அமெரிக்க விமான நிலையங்களில், பாதுகாப்புச் சோதனை நடத்தும் அரசு அமைப்பான டிஎஸ்ஏவின் 'டிஎஸ்ஏ கேர்ஸ்' என்ற உதவிச் சேவையை 72 மணி நேரம் முன்னதாகத் தொடர்பு கொண்டால் சோதனையின்போது உதவ ஆளை ஏற்பாடு செய்யக் கேட்கலாம். 2016-ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய, கழுத்தில் மாட்டும் சூரியகாந்திப் பட்டை இப்போது பல நாட்டு விமான நிலையங்களில் செல்லுபடியாகிறது. வெளியே தெரியாத உடல் சிரமம் உள்ளவர் என்று அதைப் பார்த்ததும் ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள், வாய்திறந்து விளக்க வேண்டியது குறையும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்தால் பொது இடத்திலேயே சோதனை தொடங்கிவிடக்கூடும்.

கைகளையும் உடையையும் சிறு துணியால் துடைத்து வெடிபொருள் சோதனை செய்வதும் உண்டு. தோலைப் பாதுகாக்கப் பூசும் கிரீமில் கிளிசரின் இருந்தால் அது சில சமயம் தவறான எச்சரிக்கையைக் கிளப்பும். மாற்றிய பிறகு சோப்பு போட்டுக் கையைக் கழுவிவிட்டு வரிசைக்குப் போங்கள். கிரீம் விஷயத்தில் இன்னொன்று: துத்தநாக ஆக்சைடு கலந்த கெட்டியான கிரீமை அப்பினால் டயப்பரின் மேற்பரப்பு அடைத்துக்கொண்டு உறிஞ்சுவது குறையும். டைமெத்திகோன் கலந்த மெல்லிய கிரீமைப் பட்டாணி அளவு எடுத்துத் தடவினால் போதும்.

கை லக்கேஜில் எத்தனை வைப்பது? வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்திலிருந்து சேரும் இடம் வரை உள்ள மணி நேரத்தை 4-ஆல் வகுத்து, அதோடு 3 சேர்த்துக்கொள்ளுங்கள். 16 மணி நேரப் பயணத்துக்கு 7. பெட்டி தொலைந்தாலும் விமானம் தாமதமானாலும் சமாளிக்கத்தான் அந்த 3. இடத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் காற்றில்லாமல் அழுத்தி ஒரே கட்டியாகக் கட்டினால் எக்ஸ்ரேயில் அடர்த்தியாகத் தெரிந்து பையைத் திறக்கச் சொல்வார்கள். இரண்டிரண்டாகப் பிரித்துப் பரப்பி வையுங்கள். திரவம், ஜெல், கிரீம் எல்லாம் 100 மில்லி வரம்புக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் மருந்தாகத் தேவைப்பட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈரத் துடைப்பான்களுக்கு இந்த வரம்பு பொதுவாகக் கிடையாது. பவுடரைத் தவிர்ப்பது நல்லது. அமெரிக்கா செல்லும் விமானங்களில் 2018 முதல் 350 மில்லிக்கு மேற்பட்ட பவுடருக்குத் தனிச் சோதனை உண்டு.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ஜிப் கவர் தயார் செய்யுங்கள்: ஒரு டயப்பர், நான்கு துடைப்பான்கள், ஒரு ஜோடி கையுறை, பழையதைப் போட ஒளிபுகாத பை. அந்தக் கவரை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனால் முழுப் பையையும் குறுகிய டாய்லெட்டில் திறக்க வேண்டாம். கவரைச் சிறிது திறந்தே வையுங்கள், மேலே போகப் போக உள்ளே உள்ள காற்று விரிந்து உப்பிவிடும்.

விமான டாய்லெட்டில் டேப் டைப்பை மாற்றும் வரிசை முக்கியம். மூடியை இறக்கி அதன்மேல் கவரை வைத்து, பழையதைப் போடும் பையை முதலிலேயே திறந்து வாஷ்பேசினில் நிறுத்துங்கள். புதியதை நீளவாட்டில் மடித்து இரண்டு முனையிலும் லேசாக இழுத்தால் உள்ளே உள்ள கசிவுத் தடுப்பு மடிப்புகள் எழுந்து நிற்கும். அவை படுத்துக் கிடந்தால் என்ன விலை கொடுத்து வாங்கியதும் ஒழுகும். கால்சட்டை முழங்காலுக்குக் கீழே இறங்காமல் கால்களைச் சற்று அகட்டி நில்லுங்கள். பழையதின் டேப்புகளை எடுத்து, முன்பக்கத்தைப் பிடித்தபடியே பின்பக்கமாக உருவி, உள்நோக்கிச் சுருட்டி அதன் டேப்பாலேயே ஒட்டிப் பையில் போடுங்கள். முன்னிருந்து பின்னாகத் துடைத்து, ஈரம் காய விடுங்கள். புதியதின் பின்பக்கத்தை இடுப்பில் வைத்துச் சுவரில் சாய்ந்தால் அது நழுவாது. முன்பக்கத்தைத் தொப்புள் நோக்கி இழுத்து, கீழ் டேப்புகளைச் சற்று மேல்நோக்கியும் மேல் டேப்புகளைச் சற்று கீழ்நோக்கியும் ஒட்டுங்கள். ஆண்கள் உறுப்பைக் கீழ்நோக்கி வைத்துக்கொள்ள வேண்டும், மேல்நோக்கி இருந்தால் இடுப்புப் பட்டை வழியாகக் கசியும். கடைசியாகத் தொடை மடிப்பில் ஒரு விரலை ஓட்டி, ஓர இலாஸ்டிக் உள்ளே மடங்கியிருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். அடிக்கடி கசிவது இந்த மடங்கிய ஓரத்தால்தான்.

டயப்பரையோ துடைப்பானையோ டாய்லெட்டுக்குள் போடவே வேண்டாம், காற்றால் இழுக்கும் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் அந்த டாய்லெட் பயணம் முழுக்கப் பூட்டப்படும். குப்பைத் திறப்புக்குள் நுழையாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் பணிப்பெண்ணிடம் ஒரு குப்பைப் பை கேளுங்கள். டாய்லெட் வரை அழைத்துச் செல்ல அவர்கள் உதவுவார்கள், உள்ளே மாற்றிவிடுவது அவர்கள் வேலை இல்லை. அந்த உதவி தேவைப்படுகிறவர் துணையோடுதான் பயணிக்க வேண்டும். இரட்டை நடைபாதை உள்ள பெரிய விமானங்களில் சக்கர நாற்காலி நுழையும் டாய்லெட் பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும், டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு அதன் பக்கத்தில் நடைபாதை ஓர இருக்கையாக வாங்குங்கள்.

உணவு வண்டி கிளம்பும் முன் ஒரு முறை, தரையிறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒரு முறை மாற்றிவிட்டால் நெருக்கடி குறையும். கசிவுக்குப் பயந்து தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருப்பதால் உடல் வறண்டு, சிறுநீர் அடர்ந்து, சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டி இன்னும் அவசரப்படுத்தும். அடிக்கடி சிறு மடக்காகக் குடித்துவிட்டு, காபியையும் மதுவையும் விட்டுவிடுங்கள். இருக்கையின் மேல் ஒரு விரிப்பு பேட் போட்டுக்கொண்டால் தூக்கமும் வரும்.

ஆணுறை போல மாட்டிக்கொள்ளும் ஆண்களுக்கான உறை வகைக் கருவியும், அதிலிருந்து குழாய் வழியே சிறுநீர் சேரும், தொடையில் கட்டும் பையும் நெடும்பயணத்துக்கு நல்ல மாற்று. ஆனால் முதல்முறையாக விமானத்தில் போட்டுப் பார்க்காதீர்கள், உறை அளவு தவறினால் கழன்றுவிடும். செக்யூரிட்டிக்கு முன் பையைக் காலி செய்தே போக வேண்டும்.

மொத்தத்தில் 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குத் துணி உறையுள்ள டேப் டைப், கைவிரல் வலுக்குறைந்தவர்களுக்குப் பெல்ட் டைப், குறுகிய பயணத்துக்குப் பேன்ட் டைப். எதை வாங்கினாலும் இடுப்பையும் புட்டத்தையும் அளந்து பெரிய அளவுக்கு ஏற்ற சைஸை எடுத்து, வீட்டில் 4 மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். இடையில் விமானம் மாறும் பயணம் என்றால் அங்கேயும் செக்யூரிட்டி இருக்கலாம், அதற்கும் ஒரு காய்ந்த டயப்பரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.